காரின் மூக்கு பூஜையில் இருந்த நாள்

புட்டுக்குழலுக்கும் டர்போ காருக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது என்னிடம் கேட்டால், முதலில் உட்காரச் சொல்வேன். நின்றுகொண்டே கேட்டு முடிக்கிற விஷயம் இல்லை அது.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வரிசை வீட்டில் அப்போது நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அம்மா, அண்ணன், நான். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற கையோடு போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணனுக்கு ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. நான் ஒரு மாடியில் இருந்த தட்டச்சுக் கடையில் உட்கார்ந்து ஊரார் கடிதங்களை அடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்திலிருந்து இந்த மலாய் நாட்டுக்கு வந்து வெள்ளைக்காரன் காலத்து அரசாங்க நாற்காலிகளை நிரப்பியவர்களின் வாரிசுகள். அவர்களுக்கு, அரசாங்க வேலை கிடைக்காத பிள்ளை உடம்புக்கு முடியாத பிள்ளை மாதிரி. கல்யாண வீடுகளில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கிடைக்கலையா?" என்று தணிந்த குரலில் விசாரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த வேலை வேண்டும். வெறியோடு வேண்டும். தட்டச்சுக் கடை முதலாளி தன் தலைக்கு மேலே மட்டும்தான் காற்றாடியைச் சுழலவிடுவார்.

அண்ணனுக்கு வேலையைப் பற்றியெல்லாம் கவலை இல்லை. அவனுக்குக் கார்தான் எல்லாம். அது ஒரு பழைய ஜப்பான் கார். அதன் இஞ்சின் ஒருநாள் பங்சார் மேட்டில் புகையை விட்டு உயிரையும் விட்டது. ஒழுங்கான மனிதனாக இருந்தால் அதே மாதிரி ஓர் இஞ்சினை வாங்கிப் போட்டிருப்பான். அண்ணன் கிள்ளான் பக்கம் இருந்த ஒரு ஹாஃப் கட் கடைக்குப் போனான். ஜப்பானில் பழசாகிப்போன கார்களை நடுவில் அறுத்து, முன்பாதியை மட்டும் கப்பலில் ஏற்றி இங்கே அனுப்புவார்கள். அதற்குத்தான் அந்தப் பெயர். கடை வாசலில் அந்த முன்பாதிகள் பின்பக்கம் இல்லாமல் வரிசையாக நிற்கும். அவற்றில் ஒன்றிலிருந்து ஒரு டர்போ இஞ்சினைக் கழற்றி, லோரியில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் இறக்கினான்.

அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தார்.

"டர்போன்னா என்னடா?"

"காத்த அமுக்கி இஞ்சினுக்குள்ள தள்ளும்மா. சின்ன இஞ்சின் பெரிய இஞ்சின் மாதிரி பறக்கும்."

"ஏன், காத்து தானா போவாதா?"

இந்தக் கேள்விக்கு அண்ணன் ஒரு மணி நேரம் விளக்கம் சொன்னான். அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "சரி, சாப்பிட வா" என்றார்.

இஞ்சினைப் பொருத்திய பிறகுதான் தெரிந்தது, அதற்கு மூக்கு இல்லை. வெளிக்காற்றை வடிகட்டி டர்போவின் வாய்வரை கொண்டுவரும் குழாயும் வடிகட்டிப் பெட்டியும் வேண்டும். கடையில் யாரோ அதை ஏற்கெனவே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கார் சாமான் கடைகளில் புதிதாகக் கிடைக்கும். அண்ணன் அதை வாங்கமாட்டான். "குழாய்தானே லா. இதுக்குப் போய் எவனாச்சும் கடைக்குப் போவானா? நானே செய்றேன்" என்றான். எங்கள் வீட்டில் இந்த வாக்கியம் காதில் விழுந்தால் நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

முதல் மூக்கு, பழைய சாமான் கடையில் கிடைத்த ஒரு மடிப்புக் குழாய். துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால் இருப்பது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், எப்படி வேண்டுமானாலும் வளையும். அண்ணன் அதை மாட்டிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் அம்மாவையும் கோயிலுக்கு அழைத்துப் போனான். மெதுவாகப் போனவரைக்கும் சரியாகத்தான் இருந்தது. காலி ரோட்டைப் பார்த்ததும் அவனுக்குக் கால் சும்மா இருக்கவில்லை. அழுத்தினான். டர்போ ஒரு இழு இழுத்தது. மடிப்புக் குழாய் உள்ளே உறிஞ்சப்பட்டு, காய்ந்த மிளகாய்போல் சப்பிப்போய்விட்டது. மூச்சு முட்டிய கார் இரண்டு தடவை விக்கி நின்றது. நானும் பட்டுப்புடவையில் இருந்த அம்மாவும் பின்னாலிருந்து தள்ளினோம். அண்ணன் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வேகமா" என்று உற்சாகப்படுத்தினான்.

இரண்டாவது மூக்கு, கழிவறைக்குப் போடும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குழாய். இது சப்பாது என்றான். சப்பவில்லைதான். டர்போவின் சூட்டில் இளகி, நுனி தொங்கி, வீட்டுக்கு வந்து சேரும்போது தும்பிக்கையைத் தொங்கப்போட்ட யானைபோல் இருந்தது. அம்மாவுக்கு வேறு கவலை.

"கக்கூஸ் குழாயிலயா நாம கோயிலுக்குப் போயிட்டு வந்தோம்?"

"புதுசும்மா! கடையிலேருந்து புதுசா வாங்குனது!"

"புதுசா இருந்தாலும் அது கக்கூஸ் குழாய்தான்" என்று அம்மா தலைமுழுகப் போய்விட்டார்.

மூன்றாவது மூக்கு எப்படி வந்தது என்று எங்களுக்குத் தெரியாது. ஒருநாள் கார் ஓட ஆரம்பித்தது. மேட்டில் ஏறியது, விக்கவில்லை, தொங்கவில்லை. இஞ்சின் பக்கம் 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் இனிமையான சத்தம் வந்தது. "இந்தத் தடவ என்ன வெச்சே?" என்று கேட்டேன். "அலுமினியம்" என்று மட்டும் சொன்னான். பானெட்டை யாரையும் திறக்கவிடவில்லை. அதில் சாய்ந்து நின்றாலே கத்துவான்.

அதே வாரம் எங்கள் வீட்டுப் புட்டுக்குழல் காணாமல் போனது.

நீங்கள் புத்திசாலிகள், உடனே கண்டுபிடித்துவிட்டீர்கள். நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. எங்களுக்கு இரண்டும் இரண்டு செய்திகள். எங்கள் வீட்டில் புட்டு இல்லாத வாரம் கிடையாது. அம்மா அலமாரி, பரண், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்பக்கம் என்று எல்லா இடமும் தேடிவிட்டு அண்ணனைக் கேட்டார். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே, "பக்கத்து வீட்டு ஆன்டி வாங்கிட்டுப் போனாங்கன்னு நெனைக்கிறேன்" என்றான். அந்த 'நெனைக்கிறேன்' என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் அவன் சில வாரங்கள் பத்திரமாக ஒளிந்திருந்தான்.

பக்கத்து வீட்டு ஆன்டி டாக்ஸி ஓட்டும் அங்கிளின் மனைவி. நல்ல மனுஷி. ஆனால் புட்டுக்குழலை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராதவர் என்று அம்மா தீர்மானித்த பிறகு, அவர் எப்படி நல்ல மனுஷியாக இருக்க முடியும்? அம்மா வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லையாம். பேசுவதை நிறுத்திக்கொள்வது மரியாதையாம். வெள்ளிக்கிழமை வடை வேலியைத் தாண்டவில்லை. துணி காயப்போடும்போது அந்தப் பக்கம் முகமே திரும்பவில்லை. ஆன்டிக்கு ஒன்றும் புரியவில்லை. "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று என்னைக் கேட்டார்.

இந்த நிலைமையில்தான் எனக்கு நேர்முகத் தேர்வு வந்தது. ஷா ஆலமில் மாநில அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா வேலை. மதியம் இரண்டரை மணிக்கு வரவேண்டும். அண்ணன், "நான் கொண்டுபோய் விடுறேன். டர்போல பத்து நிமிஷம்" என்றான். எனக்கென்ன பைத்தியமா? அவன் காரைத் தள்ளிய கைகள் இவை. பேசாமல் பக்கத்து வீட்டு அங்கிளிடம் போய் டாக்ஸிக்குச் சொல்லிவைத்தேன். அங்கிளுக்கு அம்மாவின் கோபமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "ஓகேமா. ஒரு மணிக்கு ரெடியா இரு" என்றார். தேதியை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அது ஆயுத பூஜை நாள்.

நம் நாட்டில் ஆயுத பூஜைக்கு விடுமுறை கிடையாது. அலுவலகங்கள் திறந்திருக்கும். ஆனால் எங்கள் வீட்டுக் கத்தி, அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, அண்ணனின் ஸ்பேனர்கள், என் கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் அன்று விடுமுறை. காலையில் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்தின் முன்னால் அடுக்கிவிட்டால், மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை ஒரு கரண்டியைக்கூடத் தொட அம்மா விடமாட்டார். வெங்காயத்தை முந்தின நாளே வெட்டி வைத்துவிடுவார். எனக்கு இது தெரியும் என்பதால், என் சான்றிதழ்களைப் புத்தகம் என்று நினைத்து அவர் பூஜையில் வைத்துவிடக் கூடாதே என்று இரண்டு நாள் முன்பே எடுத்துக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்தேன். சான்றிதழ்களைக் காப்பாற்றிய என் மூளைக்கு டாக்ஸியைப் பற்றித் தோன்றவே இல்லை.

பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம், அம்மா பாத்திரங்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கும்போது ஓரிடம் காலியாக இருந்தது. வருஷம் முழுக்க உழைத்த புட்டுக்குழலுக்குப் பூஜை இல்லையா? அம்மாவின் மரியாதை அங்கேயே உடைந்தது. நேரே வேலியோரம் போய், "எங்க புட்டுக்குழல் வேலை முடிஞ்சிருந்தா குடுத்துடுங்க. நாளைக்குப் பூஜை" என்றார்.

ஆன்டி, "எந்தப் புட்டுக்குழல்?" என்றார்.

அவர் கேட்ட விதத்தில் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. அதற்குள் அண்ணன் கையில் கிரீஸோடு ஓடிவந்தான். "அம்மா, உள்ள வாங்க. ஒரு விஷயம்" என்று கெஞ்சினான். அம்மா அசையவில்லை. வேறு வழியில்லாமல், ஆன்டி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காரின் பானெட்டைத் திறந்தான்.

உள்ளே எங்கள் புட்டுக்குழல் படுத்திருந்தது. சூடான பக்கம், டர்போவின் வாயில், அளவெடுத்துச் செய்ததுபோல் கச்சிதமாகச் செருகி வளையம் போட்டு இறுக்கியிருந்தான். அதன் இந்தப் பக்கத்தில், சூடு படாத இடத்தில், மிச்சமிருந்த சாம்பல் நிறக் குழாய். அந்தக் குழாயின் நுனியில் வடிகட்டிக்குப் பதிலாக, காப்பிக் கடையில் காப்பித் தூளைப் போட்டு வடிப்பார்களே, அந்தத் துணிப்பை. துணிப்பை உள்ளே உறிஞ்சப்படாமல் இருக்க, புட்டுக்கு அடியில் போடும் ஓட்டைத் தட்டைக் குறுக்கே வைத்திருந்தான். நான் அவனைத் திட்டுவதா, தட்டிக்கொடுப்பதா என்று தெரியாமல் நின்றேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், பார்க்க அழகாகவே இருந்தது.

"ஓட்டையெல்லாம் சரியான சைஸ்மா" என்றான் பெருமை தாங்காமல்.

அம்மா, "குழலைக் கழட்டிக் குடு" என்றார்.

கழற்றினான். ஆனால் புட்டுக்குழலையும் பிளாஸ்டிக் குழாயையும் அவன் இரும்புப் பசை போட்டு ஒட்டியிருந்தான். திருகினான், இழுத்தான், காலை ஊன்றிக்கொண்டு இழுத்தான். வரவில்லை. அம்மா காத்திருந்து பார்த்துவிட்டு, முழு மூக்கையும் அப்படியே அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சோப்புப் போட்டுக் கழுவினார். கக்கூஸ் குழாய்ப் பகுதிக்கு மட்டும் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்.

"ஒரு நாள்தானே. நாளைக்குக் காருக்கும் ரெஸ்ட்தான்" என்று அண்ணன் என்னிடம் சொன்னான். நானும் தலையாட்டினேன். எனக்குத்தான் டாக்ஸி இருக்கிறதே.

மறுநாள் காலை பூஜை நடந்தது. சரஸ்வதி படத்தின் முன்னால் புத்தகங்கள், அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, ஸ்பேனர்கள். அவற்றின் நடுவே, மேல்நோக்கி வளைந்து, உடம்பெல்லாம் சந்தனப்பொட்டும் விபூதியும் கழுத்தில் மல்லிகைச் சரமுமாக, காரின் மூக்கு. அம்மா அதற்கும் கற்பூரம் காட்டினார். சாம்பிராணிப் புகை ஒரு பக்கம் நுழைந்து காப்பிப் பை வழியாக மெல்ல வெளியே வந்ததைப் பார்த்து, "பாரு, காத்தோட்டம் எப்படி இருக்கு!" என்று அண்ணன் என் காதில் சொன்னான். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு அந்தச் சரஸ்வதிக்குத்தான் தெரியும்.

ஒரு மணிக்குப் புடவை கட்டி, சான்றிதழ்களை அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அங்கிளின் டாக்ஸி நின்றிருந்தது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தது. முன்கண்ணாடியில் மூன்று விபூதிப் பட்டை. பானெட்டில் பெரிய மாலை. நாலு சக்கரத்துக்கடியிலும் எலுமிச்சம்பழம்.

அங்கிள் வேட்டியோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, அது இன்னைக்கா? மறந்தே போச்சும்மா! பூஜை போட்டுட்டேன். சாவியே சாமிகிட்ட இருக்கு."

"அங்கிள், எனக்கு இன்டர்வியூ!"

"தெரியும்மா. ஆனா வண்டி இன்னைக்கு உருளக் கூடாதுல்ல. எப்படிமா எடுக்கறது?" அவருக்கும் அழுகை வரும்போல இருந்தது. அவருக்குப் பின்னால் கதவிடுக்கில் நின்ற ஆன்டி என்னைப் பார்த்து, "புட்டுக்குழல் கிடைச்சிருச்சா?" என்று குத்தலாகக் கேட்டார்.

தெருவைப் பார்த்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, கார், மோட்டார் சைக்கிள், ஒரு தண்ணீர் லோரி, எல்லாம் பொட்டும் மாலையுமாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. பெரிய ரோட்டுக்கு ஓடினேன். நிறுத்திய டாக்ஸிக்காரர்கள் எல்லாரும் ஷா ஆலம் என்றதும் கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். கொமுட்டர் ரயில் வராத காலம் அது. பஸ்ஸில் போனால் இறங்கிய இடத்திலிருந்து அந்த அலுவலகத்துக்கு நடந்து போய்ச் சேரும்போது அவர்கள் கதவைப் பூட்டியிருப்பார்கள். திரும்பி வீட்டுக்கு ஓடிவந்தேன். வேர்வையில் பவுடர் கரைந்து கழுத்தில் இறங்கியது.

"அண்ணா, கார எடு."

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அம்மா பூஜைத் தட்டைப் பார்த்தார்.

"அம்மா, அத மட்டும் எடுத்துக்கறேன். வந்ததும் திருப்பி வெச்சிடறேன்."

"பூஜையில வெச்சத எடுக்கறதா? படிப்பு தர்றவ முன்னாலேருந்தா? இவ வேலைக்குப் போற நேரத்துலயா?" அம்மா பிடிவாதத்தில் பேசவில்லை. பயந்திருந்தார். என் வேலைக்கு ஏதாவது ஆகிவிடும் என்றுதான் பயந்தார்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கம் என்ன, ஓவென்று அழுதேன். இந்த வேலையும் போனால் அந்தக் காற்றாடி இல்லாத மாடியில் கிடந்து நரைத்துப்போவேன் என்று தோன்றியது. ஒரு புட்டுக்குழலால் என் வாழ்க்கை போகிறதே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அண்ணன் வெளியே போனான். பானெட்டைத் திறந்து, டர்போவின் திறந்த வாயைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு மூடினான். "வா" என்றான்.

"மூக்கு இல்லாம ஓடுமா?"

"ஓடும். மெதுவாப் போனா ஒண்ணும் ஆவாது."

அது பொய். அதன் உள்ளே சுற்றும் சின்னச் சக்கரத்தைப் பற்றி அவன் என்னிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான். அது சுற்றுகிற வேகத்தில் ஒரு மணல் உள்ளே போனாலும் போதும், சிதறிவிடும். ஷா ஆலம் ரோட்டில் அப்போது முழுக்க மண் லோரிகள். பானெட்டில் சாய்ந்தாலே கத்துகிறவன், அந்தக் காரை எனக்காகக் கொல்ல எடுத்துக்கொண்டு கிளம்பினான். இதுவரைக்கும் அவனைக் கேலி செய்துதான் எழுதியிருக்கிறேன். இந்த ஓரிடத்தில் மட்டும் என்னால் முடியவில்லை.

"வேணாம் அண்ணா. டர்போ போயிடும்" என்றேன்.

"இஞ்சின் வேற கெடைக்கும். ஏறு."

அவன் இஞ்சினைக் கிளப்பிவிட்டான். மூக்கில்லாத டர்போ ஊளையிட்டது. தெருவே திரும்பிப் பார்த்தது. அப்போது அம்மா வாசலில் வந்து நின்றார். இரண்டு கைகளிலும் குழந்தையை ஏந்துவதுபோல் அந்த மூக்கை ஏந்தியிருந்தார். அதன் மேலிருந்த விபூதி உதிர்ந்து அவர் புடவையில் விழுந்தது.

"நிறுத்து. இந்தா, மாட்டு. அவகிட்ட நான் பேசிக்கிறேன்."

என் அம்மா விரதத்தில் தாகம் எடுத்தால்கூடத் தண்ணீர் குடிக்காதவர். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மா கதவைச் சாத்திய வேகத்திலேயே அண்ணன் மூக்கை மாட்டினான். துடைக்க நேரமில்லை. ஃபெடரல் ஹைவேயில் ஏறியதும் இஞ்சின் சூட்டில் சந்தனமும் சாம்பிராணியும் பழைய காப்பி வாசனையும் ஒன்றாகக் கலந்து காருக்குள் வந்தது. கல்யாண மண்டபத்தில் காப்பி கொட்டியதுபோல் ஒரு மணம். பத்து தீகா டோலில் காசு வாங்கிய மலாய்ப் பெண் மூக்கை உறிஞ்சி, வாசனையாக இருக்கிறதே, என்ன அது என்று கேட்டாள். அண்ணன் பெருமையாக, "டர்போ" என்றான்.

டோலைத் தாண்டி அழுத்தியதும் கார் விக்கியது. எனக்குப் பழைய நினைவெல்லாம் வந்து, தள்ளுவதற்குப் புடவையைச் செருக ஆரம்பித்துவிட்டேன். அண்ணன் ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தான். அவசரத்தில் கழற்ற மறந்த மல்லிகைச் சரத்தை டர்போ இழுத்து, காப்பிப் பையைச் சுற்றிக் கட்டிவைத்திருந்தது. அவன் அதை உருவி எடுத்தான். பூஜைப் பூ. ரோட்டில் எறிய முடியாது. ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினான். நானும் வேறு வழியில்லாமல் தலையில் வைத்துக்கொண்டேன்.

கதவைச் சாத்தப்போன நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். தேர்வுக் குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்த மலாய் அம்மா என் தலையில் கசங்கிய பூவையும், கையில் சந்தனத்தையும், தோளில் விபூதியையும் பார்த்துவிட்டு, எப்படி வந்தீர்கள் என்று கேட்டார். மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில்களில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. நடந்ததை அப்படியே மலாயில் சொன்னேன். டர்போ, புட்டுக்குழல், பூஜை, டாக்ஸி, எல்லாம். பக்கத்தில் இருந்தவர் மேசைமேல் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். அந்த அம்மா மட்டும், "உங்கள் தாயாருக்கு அதை எடுத்துக் கொடுப்பது கஷ்டமாக இருந்திருக்குமே" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். பிறகு தட்டச்சு அடிக்கச் சொன்னார்கள். பிழையில்லாமல் அடித்தேன்.

திரும்பி வந்தபோது அம்மா சரஸ்வதி படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டிருக்கவில்லை. அடுத்து வந்த வாரங்களில் தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போவார். வெறும் கையோடு வருவார். வேலை கிடைக்காவிட்டால் அது தன்னால்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. சொல்லித் தேற்றினாலும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை விரதத்தோடு செவ்வாயும் சேர்ந்துகொண்டது. அண்ணன் அந்த நாட்களில் பானெட்டைத் திறக்கக்கூட இல்லை.

வேலை கிடைத்தது.

அம்மா அன்றைக்கே கேசரி கிண்டி, ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஆன்டி பழையதை எதுவும் பேசவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு, என் கன்னத்தைத் தடவி, "எல்லாம் அந்தத் தாயோட அருள்" என்றார்.

எங்கள் வீட்டில் நடந்த நல்ல காரியம் எதற்கும் அம்மா உரிமை கொண்டாடி நான் பார்த்ததில்லை. அப்பாவின் பதவி உயர்வு முருகனால் வந்தது. நான் பரீட்சையில் தேறியது பிள்ளையாரால். குழம்பு ருசியாக இருந்தால்கூட அது புளி நல்ல புளி என்பதால். ஆகவே அம்மாவும் கையெடுத்துக் கும்பிடுவார் என்று நினைத்தேன்.

அம்மா கும்பிடவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"அவ அருள் இல்லாம எப்படி? இருக்கட்டும்" என்றார். "ஆனா எடுத்துக் குடுத்தது நான்."